நூல்நிலைய விழாவும் நூற்படிப்பும்

ஆண்டுதோறும் ஒக்டோபர் மாதம் இலங்கையிலே தேசிய வாசிப்பு மாதமாகக் கொண்டாடப்பெறுவதை வாசகர் அறிவர். அம்மாதம் அணுகும்போது நமது பொது நூல்நிலையங்களின் அறிவித்தற் பலகைகள் புதுப்பொலிவு பெறுகின்றன. பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி, சித்திரப் போட்டி, புத்தகக் கண்காட்சி, நூல் வெளியீடு, அறிஞர் கௌரவிப்பு, பரிசளிப்பு விழா என நிகழ்ச்சிகள் நிரல்படக் குறிக்கப்படுகின்றன. அழைப்பிதழ்கள் அச்சாகின்றன, பாடசாலைகளுக்குக் கடிதங்கள் போகின்றன. ஏனைய காலங்களில் ஓய்ந்திருக்கும் மண்டபங்கள் ஒரு திங்கள் கலகலப்புறுகின்றன. இவை மகிழ்தற்குரியனவே. நூலின் பெயரால் நாலு பேர் ஒன்றுகூடுதல் அரிதாகிவிட்ட காலத்தில், கூட்டுவிக்கின்றவரைக் குறைகூறுதல் நமது கருத்தன்று.

எனினும், கேட்கவேண்டிய வினா ஒன்றுண்டு. நவம்பர் பிறந்து, மண்டபத்துத் தோரணங்கள் அவிழ்க்கப்பட்டு, வாடகைக்கு எடுத்த நாற்காலிகள் திரும்பிச் சென்றபின், அந்நூல்நிலையத்தில் முன்னையினும் மிகுதியான நூல்கள் படிக்கப்படுகின்றனவா? படிக்கப்படுகின்றன எனின் விழா பயன்பட்டது. இல்லை எனின் நிகழ்ந்தது விழா மாத்திரமே. நூல்நிலையத்தில் நடைபெறும் எந்நிகழ்ச்சியும், வந்தவரை அலுமாரியிலுள்ள நூலின்பாற் கொண்டுசென்று விடுதல் வேண்டும். அங்ஙனம் விடாத நிகழ்ச்சி வேறு எவ்வகையாற் சிறந்ததாயினும் நூல்நிலைய நிகழ்ச்சி எனும் பெயர்க்கு உரியதன்று. இதனையே இக்கட்டுரையில் வற்புறுத்த விரும்புகின்றோம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், ஊரும் பெயரும் ஈண்டு வேண்டா, ஒரு நூல்நிலையத்து வாசிப்பு மாத விழாவுக்கு நம் மாணவர் முப்பதின்மரை அழைத்துச் சென்றிருந்தோம். பிரதம விருந்தினர் ஒன்றரை மணி நேரந் தாழ்த்து வந்தார். பிள்ளைகள் மாலைகளை ஏந்தியபடி வெயிலில் நின்றனர். பின்னர் மங்கல விளக்கேற்றல், வரவேற்புரை, ஆசியுரை, தலைமையுரை, வாழ்த்துரைகள் நான்கு, சிறப்புரை, பொன்னாடை போர்த்தல், பரிசளிப்பு, நன்றியுரை என நிகழ்ச்சி உச்சிப்பொழுதையுங் கடந்தது. உரையாற்றியோர் அனைவரும் வாசிப்பின் பெருமையையே பேசினர். கூட்டம் முடிந்ததும் ஏழாந் தரத்து மாணவி ஒருத்தி கண்ணாடி அலுமாரியிலே தெரிந்த படநூல் ஒன்றைச் சுட்டி, அதனை எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டாள். விழாவை முன்னிட்டு இரவல் வழங்கும் பகுதி அன்று மூடப்பட்டிருக்கின்றது எனும் மறுமொழியே கிடைத்தது. வாசிப்பைப் பற்றி மூன்று மணி நேரம் கேட்ட அப்பிள்ளைக்கு வாசிக்க மூன்று நிமிடம் வாய்க்கவில்லை. இதனை ஓரிடத்துக் குறையென்று ஒதுக்கிவிடல் இயலாது. விழாவென்றால் இவ்வாறுதான் என்று நாம் அனைவரும் பழகிப்போனோம்.

நிற்க. பொது நூல்நிலையம் எதன்பொருட்டு அமைந்தது என்பதைச் சிறிது நினைவுகூர்தல் நலம். யுனெஸ்கோ நிறுவனம் 1949இல் பொது நூல்நிலையங்களுக்கென ஓர் அறிக்கை வெளியிட்டது. அது 1972இலும் 1994இலும் 2022இலும் திருத்தி வெளியிடப்பெற்றது. வயது, இனம், மதம், மொழி, நிலைமை ஆகியவற்றால் வேறுபாடு பாராட்டாது யாவர்க்கும் அறிவின் வாயிலைத் திறந்துவைப்பதே பொது நூல்நிலையத்தின் கடன் என்பது அதன் சாரம். அதற்கு முன்னரே, 1931இல், சீர்காழியிற் பிறந்த சி. இரா. அரங்கநாதன் நூலகவியலுக்கு ஐந்து விதிகளை வகுத்து நூலாக்கினார். பேழையுள் வைத்துக் காத்தற்கு அன்றிப் பயன்கொள்ளற்கே நூல் உளது என்பதும், வாசகர் ஒவ்வொருவர்க்கும் ஏற்ற நூலையும் நூல் ஒவ்வொன்றுக்கும் ஏற்ற வாசகரையும் கூட்டுவித்தல் நூல்நிலையத்தின் தொழில் என்பதும் அவ்விதிகளுட் காணக்கிடப்பன. நூலும் வாசகரும் தாமாக ஒன்றுகூடிவிடுவதில்லை. இடைநின்று கூட்டுவிப்பார் வேண்டும். நிகழ்ச்சி என்பது அக்கூட்டுவித்தற்கு ஒரு வழி; அதற்குமேல் அதற்குத் தனிப்பெருமை இல்லை.

அரங்கநாதன் நமக்குப் புறத்தார் அல்லர். யாழ்ப்பாணப் பொதுநூல்நிலையம் திட்டமிடப்பட்ட காலத்தில் அவர்தம் ஆலோசனை பெறப்பட்டது. சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன் வரைபடம் அமைத்தார். அந்நூல்நிலையத்தின் தொடக்கம் மிக எளியது. 1933இல் க. மு. செல்லப்பா என்பார் தம் இல்லத்திலிருந்து நூல்களை இரவல் வழங்கத் தொடங்கினார். 1934இல் ஆஸ்பத்திரி வீதியிலே ஒரு வாடகை அறையில் 844 நூல்களோடும் சில பத்திரிகைகளோடும் அது பொதுநிலையமாயிற்று. அன்று பெருமண்டபம் இல்லை; மேடை இல்லை. நூல் இருந்தது, நாடிவருவார் இருந்தனர். பின்னரே, 1959 ஒக்டோபர் 11ஆந் திகதி, வெண்ணிற மாளிகை திறந்துவைக்கப்பெற்றது.

1981 மே 31ஆந் திகதி நள்ளிரவை ஒட்டி அம்மாளிகைக்குத் தீ வைக்கப்பட்டதையும், ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பரானதையும், அத்தீயைக் கண்ட அதிர்ச்சியாற் பன்மொழிப் புலவர் தாவீது அடிகள் உயிர்நீத்ததையும் தமிழ் மக்கள் மறந்திலர். 1998இல் மீள்கட்டுமானப் பணி தொடங்கி, இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் அது மீண்டும் வாயில் திறந்தது. எரிந்த ஏடுகளுட் பல இனி எவ்வாற்றானும் கிடைத்தற்கரியன. எனினும் கட்டடம் எழுந்தது. பல நாடுகளிலிருந்தும் நூல்கள் வந்து சேர்ந்தன. ஒன்றை மாத்திரம் கொத்தனாராலும் கொடையாளராலும் தந்துவிட முடியாது. அஃது, அந்நூல்களை நாடிச்செல்லும் வழக்கம். போர் ஒருபுறம் அவ்வழக்கத்தை அறுத்தது. இடப்பெயர்வு ஒருபுறம் அறுத்தது. இன்று கைத்தொலைபேசியும் தேர்வுப் போட்டியும் எஞ்சியதை அறுக்கின்றன. தீக்கு இரையான நூல்நிலையத்தை எண்ணிக் கண்ணீர் வடிக்கும் நாம், எதிரே நிற்கும் நூல்நிலையத்தைச் சுற்றுலாப் பயணி போலப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு திரும்புவோமாயின், அக்கண்ணீருக்குப் பொருள் யாது?

இனி, நிகழ்ச்சி எதுவுமே நூல்நிலையத்துக்கு ஆகாது, அது மௌனம் காக்கும் இடம் என்பாரும் உளர். அவர் கூற்றில் ஒருபாதி உண்மை உண்டு. உசாத்துணைப் பகுதியிற் குறிப்பெடுத்துக்கொண்டிருக்கும் மாணவனின் காதில் ஒலிபெருக்கி முழங்குதல் அறமன்று. ஆயின், வாசிப்பு எப்போதும் தனிமையிலும் மௌனத்திலும் நிகழ்வது எனக் கொள்வது நம் மரபை அறியாமையாகும். யாழ்ப்பாணத்துக் கோயில்களில் நிகழ்ந்துவரும் புராண படனத்தை எண்ணிப் பாருங்கள். ஒருவர் கந்தபுராணச் செய்யுளை இசையோடு வாசிப்பார். மற்றொருவர் பயன் சொல்வார். ஊரார் சூழ இருந்து கேட்பர். எழுத்தறியாத மூதாட்டியும் கச்சியப்பரின் செய்யுளுக்குப் பொருள் அறிந்திருந்தாள். பயன் சொல்பவர் பிழை செய்தால் திண்ணையிலிருந்து திருத்துவாரும் இருந்தனர். கோயில் வீதியை விட்டு ஊருக்குள் வந்தால், சனசமூக நிலையத்து வாசிகசாலை இருந்தது. அங்கே ஒருவர் பத்திரிகையை உரத்து வாசிக்கப் பலர் கேட்டுத் தர்க்கித்தனர். கூடியிருந்து வாசித்தல் நமக்குப் பிறர் கற்பித்த புதுமையன்று. நாம் கைநெகிழவிட்ட பழமை. ஆதலின் வேண்டப்படுவது, அமைதிக்கு ஓர் அறையும் கூடிப் படித்தற்கு ஓர் அறையும் எனப் பகுத்துக்கொள்ளலே.

நாவலர் பெருமானின் செயன்முறையும் ஈண்டு நினைக்கத்தக்கது. அவர் 1847ஆம் ஆண்டின் இறுதியில் வண்ணார்பண்ணைச் சிவன்கோயிலிற் பிரசங்கம் தொடங்கினார். பிரசங்கத்தோடு நின்றுவிட்டாரா? இல்லை. அடுத்த ஆண்டே வித்தியாசாலை நிறுவினார். அதன்பின் அச்சியந்திரம் நிறுவி, பாலபாடம் முதலாக நூல்களை அச்சிட்டு மக்கள் கையிற் கொடுத்தார். காதாற் கேட்டது வீடு சென்று சேருமுன் காற்றிற் கலந்துவிடும் என்பதை அவர் அறிந்திருந்தார். பேச்சின் முடிவில் கையில் ஒரு நூல் இருத்தல் வேண்டும் என்பதே அவர் காட்டிய நெறி. இன்றைய நூல்நிலைய விழாக்களுக்கு இதனினுஞ் சிறந்த வழிகாட்டி வேண்டுவதில்லை.

எனவே, வரும் வாசிப்பு மாதத்துக்கு நிகழ்ச்சி வகுப்போரின் சிந்தனைக்குச் சிலவற்றை முன்வைக்கின்றோம்.

முதலாவது, படன வட்டம். கிழமைக்கு ஒருநாள், குறித்த ஒரு மணி நேரம், பதின்மர் கூடின் போதும். ஒரு நூலை எடுத்து முதலிலிருந்து கடைவரை வாசித்தல் வேண்டும். காப்பியமாயினும் ஆகுக, புதினமாயினும் ஆகுக, நீரும் நிலமும் பற்றிய அறிவியல் நூலாயினும் ஆகுக. ஒருவர் வாசிக்க, ஒருவர் விளக்க, ஏனையோர் வினவலாம். அந்நூலின் படிகள் சிலவற்றை நூல்நிலையம் கூடுதலாக வாங்கி வைப்பின், அடுத்த கிழமைக்குரிய பகுதியை விரும்பினோர் முன்னரே படித்து வருவர். அரைநாட் சொற்பொழிவு ஐந்நூறு பேருக்கு ஆற்றாத நன்மையை இவ்வட்டம் பதின்மர்க்கு ஆற்றும்.

இரண்டாவது, சிறுவர்க்குக் கதை சொல்லல். இதிற் காலம் பெரிதும் கவனிக்கத்தக்கது. ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் தொடங்கி உயர்தரம் ஈறாக நம் பிள்ளைகளின் சனி ஞாயிறுகள் ரியூசன் வகுப்புகளுக்கு எழுதிக்கொடுக்கப்பட்டுவிட்டன. அந்நாட்களிற் சிறுவர் நிகழ்ச்சியை வைத்துவிட்டு, பிள்ளைகள் வருகிறார்கள் இல்லை என்று வருந்துதல் எங்ஙனம் பொருந்தும்? கிழமை நாளொன்றில், பாடசாலை விட்டதும், அரைமணி நேரம் வைத்தல் தகும். கதை சொல்வார் முடிவுவரை சொல்லிவிடலாகாது. நடுவில் நிறுத்தி, மிகுதி இந்த நூலில் இருக்கின்றது என்று எடுத்துக்காட்டல் வேண்டும். அன்று அந்நூலுக்குப் போட்டி எழாவிடின் கதை சொன்னவரை மாற்றுக. பிள்ளையைக் கூட்டிவந்த தாய்க்கும் அங்கேயே ஓர் அங்கத்துவ விண்ணப்பத்தை நீட்டுதல் நலம். வீட்டில் தாய் படிக்கக் காணாத பிள்ளைக்கு, படி என்று சொல்வது வெறுங் கட்டளையாய் முடியும்.

மூன்றாவது, ஊரேடு தேடல். நம் வீடுகளின் பரண்களிலும் பெட்டகங்களிலும் ஓலைச் சுவடிகளும், பழைய உறுதிகளும், கடிதங்களும், கோயில் மலர்களும், பாடசாலைச் சஞ்சிகைகளும் செல்லுக்கு இரையாகிக் கிடக்கின்றன. செல்லரித்த ஏடுகளைத் தேடித் திரிந்து 1881இல் வீரசோழியத்தையும் 1887இல் கலித்தொகையையும் பதிப்பித்து உதவிய சி. வை. தாமோதரம்பிள்ளை பிறந்த நாடு இது. மாதத்துக்கு ஒருநாள், ஊரார் தம்மிடம் உள்ள பழைய எழுத்துக்களைக் கொண்டுவரச் செய்து, அறிந்தோர் அவற்றை வாசித்துக் காட்டலாம். உரியவர் இசைவோடு படி எடுத்துவைக்கலாம். 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூல்நிலையம் ஈழத்துத் தமிழ் எழுத்துக்களை இணையத்திற் காத்துவருதல் யாவரும் அறிந்தது. அது போன்ற முயற்சிகளுக்கு ஊர் நூல்நிலையங்கள் கால்களாக அமைதல் வேண்டும். 1981இன் பாடம் இதுவே: ஓரிடத்தில் மாத்திரம் இருப்பது ஓரிரவில் அழியக்கூடும்.

நான்காவது, வர இயலாதோர்க்கு வாசித்தல். பார்வை குன்றிய முதியோர் நம் ஊர்களிற் பலர். பிள்ளைகள் கடல்கடந்து சென்றுவிட, தனித்த வீட்டிலே, ஒருகாலத்திற் பெரும் வாசகராயிருந்தவர் பத்திரிகையின் தலைப்பை மாத்திரம் தடவிக்கொண்டிருக்கக் காண்கின்றோம். உயர்வகுப்பு மாணவர் இருவர் கிழமைக்கு ஒருமுறை நூல்நிலையத்து நூலோடு சென்று அவர்க்கு வாசித்துக் காட்டட்டும். முதியவர்க்கு நூல் கிடைக்கும். மாணவர்க்கு உச்சரிப்புத் திருந்தும். அதனோடு, எந்த வகுப்பிலும் கிடையாத ஊர்க் கதைகளுங் கிடைக்கும்.

ஐந்தாவது, நூல் வெளியீட்டு விழா. இதனை விலக்குக என்று கூறோம். எழுதியவர்க்கு ஊரவர் காட்டும் அன்பு அது. ஆயின் முறை மாறுதல் வேண்டும். வெளியீட்டுக்கு ஒரு மாதம் முன்னரே நூலின் சில படிகளை நூல்நிலையத்தில் வைத்துவிடின், விழா நாளில் அதனைப் படித்தவர் பத்துப் பேராவது சபையில் இருப்பர். முதற்பிரதி பெறுவார், சிறப்புப் பிரதி பெறுவார் வரிசையைச் சுருக்கி, படித்தவர் வினவவும் எழுதியவர் விடையிறுக்கவும் அந்நேரத்தைக் கொடுக்கலாம். யாழ்ப்பாணத்தைப் பொறுத்தவரை, நூல்நிலையத்துக்கு அணித்தாக 2023இல் திறந்துவைக்கப்பெற்ற கலாசார மண்டபம் இருக்கின்றது. பெருவிழாக்களுக்கு அதுவே தக்க இடம். நூல்நிலையத்துக் கூடங்கள் படிப்போர்க்கே விடப்படட்டும்.

இவற்றுக்கெல்லாம் பணம் எங்கே, ஆள் எங்கே என வினவப்படும். பணம் பெரிதும் வேண்டுவது பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் சிற்றுண்டிக்கும் பொன்னாடைக்குமே. மேற்கூறிய ஐந்தனுள் எதற்கும் பந்தல் வேண்டியதில்லை. ஒரு விழாவின் செலவில் ஓராண்டுக்குரிய படன வட்டத்தின் நூல்களை வாங்கிவிடலாம். ஆள் வேண்டுமெனின், ஓய்வுபெற்ற ஆசிரியர் இல்லாத ஊர் நம் நாட்டில் உண்டா? கேட்பார் இன்மையாலே அவர் வாளாவிருக்கின்றனர். நூலகர்மீது எல்லாச் சுமையையும் ஏற்றிவிடுதலும் நீதியன்று. நூல்களை ஒழுங்குசெய்யவும் நாடி வருவோர்க்கு வழிகாட்டவுமே அவர்தம் நேரம் போதாது. மேடைக்கு நாற்காலி அடுக்கும் வேலையிலிருந்து நாம் அவரை விடுவித்தால், அவர் தம் உண்மைப் பணியைச் செய்வார். நூல்நிலையங்களை நடத்தும் மாநகரசபை, நகரசபை, பிரதேச சபை உறுப்பினர்களும் தம்மைப் பிரதம விருந்தினராக மாத்திரம் எண்ணாது, அங்கத்துவ அட்டை பெற்ற வாசகராகவும் ஆவரேல், அதனினும் பெரிய பிரசாரம் பிறிதொன்றில்லை.

மக்கள் வருவதில்லை என்பது இறுதித் தடை. ஒருமுறை வைத்துவிட்டு மறந்துபோகும் நிகழ்ச்சிக்கு மக்கள் வாரார்தாம். கோயிற் படனத்துக்கு அழைப்பிதழ் அச்சிட்டவர் யார்? இன்ன காலத்தில் இன்ன நேரத்தில் நடக்கும் என்பது ஊருக்குத் தெரிந்திருந்தது; ஆதலின் வந்தனர். மழை பெய்தாலும், மூவர் மாத்திரம் வந்தாலும், குறித்த நாளிற் குறித்த நேரத்தில் நடந்தே தீரும் எனும் நம்பிக்கையே கூட்டத்தைச் சேர்ப்பது. ஒரு மாதம் முப்பது நிகழ்ச்சி வைத்துப் பதினொரு மாதம் பட்டினி கிடப்பதினும், மாதத்துக்கு மூன்றாக ஆண்டு முழுவதும் நடத்துதல் அறிவுடைமை.

ஆதலின், நிகழ்ச்சிநிரல் அச்சிடுவோர்க்கு நாம் விடுக்கும் வேண்டுகோள் சிறிது. ஒவ்வொரு நிகழ்ச்சியின் கீழும், பேசுவார் பெயர்களுக்குப் பின், இரண்டு வரி சேர்த்து அச்சிடுக: இந்நிகழ்ச்சியோடு தொடர்புடையனவாய் நம் நூல்நிலையத்தில் உள்ள நூல்கள் இவை என ஒரு வரி; இதன் தொடர்ச்சி அடுத்து நடைபெறும் நாள் இது என ஒரு வரி. அவ்விரு வரிகளையும் எழுத இயலாத நிகழ்ச்சியை நிரலிலிருந்து நீக்கிவிடுக. அன்று இரவல் வழங்கும் பகுதியைத் திறந்தே வைக்க. விழா சிறந்ததா என்பதை மறுநாட் பத்திரிகையிலே தேடற்க. இரவற் பதிவேட்டைப் புரட்டிப் பார்க்க. அங்கே புதியதொரு பெயர் ஏறியிருக்குமாயின், அந்நிகழ்ச்சி நிறைவேறிற்று.